கேள்விகள் கூடும் இடம்: கணிப்பொறி மன்றங்களின் இன்னொரு வம்சாவளி

1

கணிப்பொறியின் வரலாறு சொல்லப்படும்போதெல்லாம் ஒரு கார் ஷெட் தவறாமல் வந்துவிடுகிறது. கலிஃபோர்னியாவில் ஒரு வீடு, வீட்டையொட்டி ஒரு ஷெட், உள்ளே இரண்டு இளைஞர்கள், கொஞ்ச நாளில் ஒரு கம்பெனி, அப்புறம் கோடி கோடியாகப் பணம். அவதாரக் கதைகளின் அமைப்பு இதில் அப்படியே இருக்கிறது. எளிய இடத்தில் பிறப்பு, சில சோதனைகள், கடைசியில் முடிசூட்டல். இந்தக் கதையாடலில் ஒரு மன்றத்துக்கும் இடம் தரப்படுகிறது. நாயகனைப் பெற்றுப்போட்டுவிட்டு முதல் அத்தியாயத்திலேயே செத்துப்போகும் தாய்க்குரிய இடம் அது. ஆப்பிள் பிறந்த மன்றம் என்பதற்கு மேல் அதைப்பற்றிப் பேச ஏதுமில்லை என்பதுபோல எல்லோரும் கடந்து போய்விடுகிறார்கள்.

அந்த மன்றத்திலிருந்து கம்பெனிகள் மட்டும்தான் பிறந்தனவா? இன்று அமெரிக்கச் சிறுநகரங்களில் ஓய்வுபெற்றவர்கள் மாதம் ஒருமுறை ஜூம் திரையில் கூடி, ‘என் பிரிண்டர் ஏன் மக்கர் பண்ணுகிறது?’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். இந்தக் கூட்டங்களையே மன்றத்தின் நேரடி வாரிசாகக் கொள்ள வேண்டும் என்பது என் வாதம். பார்வைக்கு அற்ப விஷயம். ஆனால் அறிவு யாருடைய சொத்து, ‘எனக்குத் தெரியவில்லை’ என்று நாலு பேர் முன்னால் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்னும் கேள்விகள் இதற்குள் பொதிந்து கிடக்கின்றன.

2

1960களில் கணிப்பொறி என்பது அரசு, ராணுவம், வங்கி, பெருநிறுவனம் ஆகியவற்றின் கருவி. 1964இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேச்சுரிமைக்காகப் போராடிய மாணவர்கள், தங்களை எண்களாக மாற்றிய துளையட்டைகளையே எதிர்ப்புச் சின்னமாக அணிந்துகொண்டார்கள். எந்திரத்தின் மீதிருந்த அந்த வெறுப்பு சில ஆண்டுகளில் வேறொரு வடிவம் எடுத்தது. எந்திரத்தை உடைப்பதற்குப் பதில் அதைக் கைப்பற்றினால் என்ன? 1972இல் பாப் ஆல்பிரெக்ட் மென்லோ பார்க்கில் தொடங்கிய ‘பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனி’, கணிப்பொறிகள் மக்களுக்கு எதிராகவே பயன்படுத்தப்படுகின்றன, இதை மாற்றியாக வேண்டும் என்று தன் இதழின் முதல் அட்டையிலேயே அறிவித்தது.

1973 ஆகஸ்டில் பெர்க்லியின் லியோபோல்ட்ஸ் இசைத்தட்டுக் கடை வாசலில் ஒரு டெலிடைப் எந்திரத்தை வைத்தார்கள் லீ ஃபெல்சன்ஸ்டைன், எஃப்ரம் லிப்கின், ஜூட் மில்ஹன் முதலியோர். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்த ஒரு பெரிய கணிப்பொறியோடு அது தொலைபேசி வழியாக இணைக்கப்பட்டிருந்தது. ‘கம்யூனிட்டி மெமரி’ என்று அதற்குப் பெயர். கடைக்கு வருகிற யாரும் அதில் தட்டச்சு செய்யலாம், பிறர் எழுதியதைத் தேடிப் படிக்கலாம். விளக்கிச் சொல்ல ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். இந்த ஊர்ப் பக்கம் நல்ல பேகல், அதாவது வளைய ரொட்டி, எங்கே கிடைக்கும் என்று அதில் ஒருவர் கேட்டார். கடைகளின் பெயர்களைச் சொல்லிச் சிலர் பதில் எழுதினார்கள். முன்பு பேகல் சுட்டுப் பழகிய ஒருவரோ தன் தொலைபேசி எண்ணைப் போட்டு, கூப்பிடுங்கள், செய்யவே கற்றுத்தருகிறேன் என்று எழுதினார்.

இந்தப் பதிலில் நாம் கொஞ்சம் நின்று போக வேண்டும். வாங்கத் தயாராக வந்தவரைச் செய்யத் தெரிந்தவராக மாற்றுகிறது அது. கேள்வி பொது இடத்தில் கேட்கப்பட்டதால்தான் இது சாத்தியமாயிற்று. கடைக்காரனிடம் கேட்டிருந்தால் விலையைச் சொல்லியிருப்பான், அவ்வளவுதான்.

3

1975 மார்ச் 5, புதன்கிழமை. மென்லோ பார்க்கில் கார்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் கார் ஷெட்டில் முப்பது பேரளவில் கூடினார்கள். ‘ஹோம்பிரூ கம்ப்யூட்டர் கிளப்’ தொடங்கியது அப்படித்தான். அழைத்தவர்களில் இன்னொருவர் ஃபிரெட் மூர். கட்டாய ராணுவப் பயிற்சியை எதிர்த்து 1959இல் பெர்க்லி பல்கலைக்கழகப் படிக்கட்டில் உண்ணாவிரதம் இருந்தவர் இவர். மன்றத்தின் செய்திமடலை முதலில் நடத்தியவரும் இவரே. கூடுவது, பகிர்வது, காசை முதன்மையாக்காமல் இருப்பது என்பதே அவர் அரசியல்.

அந்தக் கூட்டத்தைச் சாத்தியமாக்கிய எந்திரம் ஆல்டேர் 8800. 1975 ஜனவரி ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ இதழின் அட்டையில் வந்தது. விசைப்பலகை கிடையாது, திரை கிடையாது. அடிப்படை நினைவகம் 256 பைட். முன்பக்கச் சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டித்தான் கட்டளை தர வேண்டும். அதை வைத்து என்ன செய்வது என்பது செய்தவர்களுக்கே தெளிவாக இல்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் ஸ்டீவ் டாம்பியர் என்ற உறுப்பினர், எந்திரத்தின் இடையூறு அலைகள் ரேடியோவில் கேட்பதைக் கொண்டு ஒரு பீட்டில்ஸ் பாட்டை வாசிக்க வைத்தார். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். இதால் என்ன பிரயோசனம் என்று கேட்கலாம். பிரயோசனத்தையே கூடிக் கண்டுபிடிப்பதுதான் மன்றத்தின் வேலையாக இருந்தது.

பிற்பாடு ஸ்டான்ஃபோர்டின் துகள் முடுக்கி மைய அரங்குக்குக் கூட்டம் இடம்பெயர்ந்தபோது லீ ஃபெல்சன்ஸ்டைன் நெறிப்படுத்தினார். கூட்டத்துக்கு இரண்டு பகுதிகள். முதலாவது ‘மேப்பிங்’. தனக்கு என்ன தெரியும், என்ன வேண்டும், என்ன கேள்விப்பட்டேன் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்வது. இரண்டாவது ‘ரேண்டம் ஆக்சஸ்’. யார் யாரோடு பேச வேண்டுமோ தேடிப்போய்ப் பேசுவது. மேடையும் சொற்பொழிவும் குறைவு. ஒரே ஆள் கேட்பவராகவும் சொல்பவராகவும் மாறி மாறி இருக்கக்கூடிய இந்த வடிவமே மன்றத்தின் உண்மையான கண்டுபிடிப்பு என்பேன்.

இதைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. அங்கே கூடியவர்கள் பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் மின்னணுவியல் அறிந்தவர்கள். பகிர்தலும் சீக்கிரமே சிக்கலுக்குள்ளாயிற்று. ஆல்டேருக்கான பேசிக் மொழி நிரல் பதிந்த காகித நாடா மன்றத்தார் கைக்குக் கிடைத்து, பிரதியெடுக்கப்பட்டுப் பரவியது. எடுத்துப்போகிறவர் கூடுதல் பிரதிகளோடு திரும்பி வர வேண்டும் என்பது ஏற்பாடு. 1976 பிப்ரவரி 3 தேதியிட்ட பகிரங்கக் கடிதத்தில், பெரும்பாலான ஆர்வலர்கள் மென்பொருளைத் திருடுகிறார்கள் என்று குற்றம்சாட்டினார் இருபது வயது பில் கேட்ஸ். உழைத்தவருக்குக் கூலி வேண்டாமா என்ற அவர் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அக்கடிதம் இரண்டே தன்னிலைகளை அனுமதித்தது. விலை கொடுத்து வாங்குபவர், திருடுபவர். கூடிப் பகிர்பவர் என்ற மூன்றாவது ஆளுக்கு அந்த மொழியில் பெயரே கிடையாது.

4

பெயர் என்றதும் இந்தச் சொல்லையும் பார்த்துவிடலாம். ‘யூசர்’ என்பதைத் தமிழில் பயனர் என்கிறோம், பயனாளர் என்கிறோம், சில இடங்களில் பயனாளி என்றும் எழுதிவிடுகிறோம். அரசு நலத்திட்டங்களில் பயனாளி என்றால் பெற்றுக்கொள்பவர். வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டு வாங்கிப் போகிறவர். கம்பெனிகளின் வாக்கியத்தில் யூசர் என்பவர் இந்தப் பயனாளிதான். இலக்கணமாகச் சொன்னால் செயப்படுபொருள். அவருக்கு விற்கிறார்கள், அவருக்குப் புதுப்பிக்கிறார்கள், அவரைக் கணக்கெடுக்கிறார்கள். மன்றத்தின் வாக்கியத்தில் அவர் எழுவாய். வினையை அவரே செய்கிறார். ஒரு சொல்லின் இரண்டு வேற்றுமைகளுக்கு இடையில் நடந்த இழுபறியாகவே இந்த வரலாற்றை வாசிக்க முடியும்.

எழுவாயாக இருந்த காலம் சின்னதல்ல. 1977இல் ஜொனாதன் ரோட்டன்பெர்க் என்ற 13 வயதுப் பையன் தொடங்கிய பாஸ்டன் கம்ப்யூட்டர் சொசைட்டி, பிற்பாடு 30,000 பேருக்கு மேல் உறுப்பினர்களைக் கொண்டிருந்தது. 1984 ஜனவரி 30 அன்று புதிய மெக்கின்டாஷைக் காட்ட ஆப்பிள் அந்தச் சங்கத்தின் கூட்டத்துக்குத்தான் வந்தது. உற்பத்தியாளர் வந்து, கேள்விகளுக்கு முன்னால் நிற்க வேண்டியிருந்தது. இங்கே வந்தவர்கள் பொறியாளர்கள் மட்டுமில்லை. ஆசிரியர், கடைக்காரர், கணக்கர் என்று அன்றாட மனிதர்கள்.

பிறகு சரிவு. ஹோம்பிரூ 1986இலேயே முடிந்துவிட்டது. பாஸ்டன் சங்கம் 1996இல் கலைந்தது. மறுவருஷம் ஃபிரெட் மூர் கார் விபத்தில் இறந்தார். வைய விரிவு வலை வந்தபின், தகவலுக்காக மழையிலும் பனியிலும் காரோட்டிக்கொண்டு போவானேன் என்று இளைஞர்கள் நினைத்தார்கள். தகவல் கிடைத்தால் போதும், கூட்டம் எதற்கு? மன்றத்தைத் தகவல் கிடங்காக மட்டும் பார்த்த பார்வை இது. எஞ்சியவர்களோடு மன்றங்களுக்கும் வயதாயிற்று.

5

2020இல் கொரோனா வந்தது. நூலக அறைகளிலும் தேவாலயக் கூடங்களிலும் கூடிவந்த மன்றங்களின் கதவுகள் மூடின. உறுப்பினர்களில் பெரும்பாலோர் நோய் எளிதில் கொல்லக்கூடிய வயதினர். பல மன்றங்கள் ஜூமுக்குப் போயின. கணிப்பொறி வழியே முதியோர் கூடுவது அதற்கு முன்பே உண்டு. 1986இல் மேரி ஃபர்லாங் தொடங்கிய ‘சீனியர்நெட்’ அதைச் செய்தது. இப்போது புதிதாக நேர்ந்தது, முகம் பார்த்துப் பேசும் கூட்டமே திரைக்குள் குடியேறியது. பயனர் குழுக்களின் கூட்டமைப்பான ஏபிசியுஜி வழியாக, ஒரு மாநிலத்து உறுப்பினர் இன்னொரு மாநிலத்து மன்றத்துக்குப் பேச்சாளராக வர முடிகிறது. இரவில் காரோட்ட முடியாதவர், படியேற முடியாதவர், துணையைத் தனியே விட்டுவர முடியாதவர் எல்லாம் மறுபடி வந்து சேர்ந்தார்கள்.

இழப்பும் இருக்கிறது. பழுதான பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடித்துக் காட்டித்தர முடியாது. ஜூமில் நுழையக் கற்றுத்தரும் கூட்டத்துக்கு வர முதலில் ஜூமில் நுழையத் தெரிந்திருக்க வேண்டும். இசைத்தட்டுக் கடை வாசலில் எந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த ஆள் இங்கே இல்லை. கூடுமிடமும் இப்போது ஒரு கம்பெனியின் சொத்து. இலவசமாகக் கூடினால் 40 நிமிடத்தில் கதவைச் சாத்திவிடுகிறது.

அப்படியொரு கூட்டத்தில் ஒருமுறை பார்வையாளனாக இருந்தேன். எண்பதைத் தொட்ட ஒரு அம்மாள் தயங்கித் தயங்கிப் பேசினார். திரையில் திடீரென்று சைரன் சத்தத்தோடு, வைரஸ் வந்துவிட்டது, இந்த எண்ணைக் கூப்பிடு என்று வந்ததாம். கூப்பிட்டாராம். பாதியில் சந்தேகம் வந்து வைத்துவிட்டாராம். சொல்லும்போது குரல் இறங்கியது. உடனே இன்னொரு கட்டத்திலிருந்து ஒருவர், ‘எனக்கும் வந்தது’ என்றார். மூன்றாவதாக ஒருவர், தான் பணமே கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அரை மணி நேரம் அதைப்பற்றியே பேசினார்கள். எந்தப் பொத்தானை அழுத்தி அந்தத் திரையை மூடுவது, வங்கிக்கு எப்படிச் சொல்வது எல்லாம்.

இந்த மோசடிக்கும் நமக்கும் உறவு உண்டு. அந்த அழைப்புகளில் பலவற்றின் மறுமுனையில் இருப்பவை இந்திய நகரங்களில் இயங்கும் போலிக் கால் சென்டர்கள். 2023 அக்டோபரில் சிபிஐ ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் இவற்றின் மீது சோதனை நடத்தியது. அங்கே பேசுகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: போனை வைக்காதே, யாரிடமும் சொல்லாதே. மோசடியின் மூலதனம் தொழில்நுட்பத்தைவிட அதிகமாகத் தனிமை, அதைவிட அதிகமாக வெட்கம். ‘இதுகூடத் தெரியாதா?’ என்று மகனோ பேரனோ கேட்டுவிடுவான் என்ற பயம். எனவே ‘எனக்கும் வந்தது’ என்ற இரண்டு சொற்கள் ஆறுதல் மட்டும் அல்ல. மோசடி எதன்மேல் நிற்கிறதோ அதைப் பிடுங்கிவிடுகிற சொற்கள் அவை.

6

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் புதிய செயலியும் இல்லாத பெட்டிகளை விண்டோஸ் 11க்குத் தகுதியற்றவை என்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எந்திரம் ஒரு தேதியில் குப்பையாகிறது. பயனாளிக்கு இரண்டே வழி: புதிதாக வாங்கு, அல்லது ஆபத்தோடு இரு. மன்றத்தில் கேட்டால் மூன்றாவது வழியும் தெரியவரும். லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம், நான் போட்டிருக்கிறேன், அடுத்த மாதம் காட்டுகிறேன் என்று ஒருவர் சொல்வார். 1973இன் பேகல்காரர் இன்னும் சாகவில்லை.

இப்போது கேள்விக்கு வேறொரு இடமும் வந்திருக்கிறது. 2022 நவம்பரில் வெளியான சாட்ஜிபிடியும் அதன் சகோதரர்களும் எந்த நேரமும், முகம் சுளிக்காமல், பதில் சொல்கின்றன. தயங்கும் முதியவருக்கு அது பெரிய உதவி என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அங்கே கேட்கப்படும் கேள்வி இன்னொரு மனிதர் காதில் விழுவதில்லை. ஆயிரம் பேர் ஒரே கேள்வியைத் தனித்தனியே கேட்டாலும் அந்த ஆயிரம் பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. தங்களுக்கு நேர்ந்தது தங்கள் முட்டாள்தனம் என்றே ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள். அது அவ்வாறு வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்பது தெரிய வேண்டுமானால் கேள்விகள் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும்.

ஷெட்டில் பிறந்த கம்பெனிகள் மன்றத்திலிருந்து எந்திரத்தை எடுத்துக்கொண்டு போயின. எழுந்து நின்று, எனக்கு இது தெரியும், இது தெரியாது, யாருக்காவது தெரியுமா என்று கேட்கும் பழக்கத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. விற்க முடியாத சரக்கு அது. நரைத்த தலைகள் நிறைந்த அந்தத் திரைக் கட்டங்களில் அது பத்திரமாக இருக்கிறது. அவர்களுக்குப் பின் அதை வாங்கிக்கொள்ள யார் வரப்போகிறார்கள் என்பதே இனிக் கேட்க வேண்டிய கேள்வி. அதையும் நாலு பேர் முன்னால்தான் கேட்க வேண்டும்.