நாவலர் படித்த பைபிளும் நம்ம தெரு கிறிஸ்துமஸும்

கொஞ்சம் நீண்ட பதிவு. பசியாறிட்டு நிதானமா படிங்க.

மார்கழி பிறந்ததும் நம்ம புலனக் குழுவுல ரெண்டு விஷயம் தவறாம வந்துடும். ஒன்று, திருவெம்பாவைக்கு யார் யார் விடியற்காலையில் வர்றீங்க என்ற பட்டியல். இன்னொன்று, கிறிஸ்துமஸ் வாழ்த்து சொல்லலாமா, அவங்க வீட்டுக்குப் போகலாமா, நம்ம பிள்ளைங்க நட்சத்திரம் கட்டலாமா என்ற சண்டை. போன வாரமும் வந்தது. ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் ஓடுச்சு.

நம்ம கோயிலுக்குப் பூ தொடுக்க வர்ற ஓர் அம்மா குழுவுல எதுவும் எழுதல. மறுநாள் மாலை கட்டிக்கிட்டு இருக்கும்போது மெதுவா என்கிட்ட கேட்டாங்க: "தம்பி, சின்ன மக வேதத்துல சேர்ந்து ஆறு வருஷமாச்சு. ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுறா. நான் போனதில்ல. போனா சாமி குத்தம் ஆயிடுமா?"

அந்த நேரத்துல எனக்குச் சரியா பதில் சொல்ல வரல. வீட்டுக்கு வந்து சில புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். அதுல இருந்துதான் இதை எழுதறேன்.

முதல்ல ஆறுமுக நாவலர். அவர் பேரைச் சொன்னாலே, மிஷனரிகளை எதிர்த்து நின்று சைவத்தைக் காத்தவர் என்பதுதான் நமக்கு நினைவுக்கு வரும். அது உண்மை. ஆனா அதுக்கு முந்தின கதையை நாம அதிகமா பேசறதில்ல. 1822 டிசம்பர் 18, மார்கழி மாதம், யாழ்ப்பாணம் நல்லூரில் பிறந்தவர். பன்னிரண்டு வயசுல ஆங்கிலம் படிக்க மெதடிஸ்ட் மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். பிறகு அங்கேயே ஆசிரியரும் ஆனார். அந்தப் பள்ளியின் பீட்டர் பெர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழில் பெயர்க்கும் வேலையை எடுத்தபோது, துணைக்கு வைத்துக்கொண்டது இந்தச் சைவ இளைஞரைத்தான். 1840-களில் வருஷக்கணக்கா ரெண்டு பேரும் உட்கார்ந்து செய்த வேலை அது. 1850-ல் சென்னையில் அச்சாகி வெளிவந்தது.

யோசிச்சுப் பாருங்க. பெத்லகேம், மாட்டுத்தொழுவம், இடையர்கள், கீழ்த்திசை ஞானிகள் என்று கிறிஸ்துமஸ் ராத்திரி தேவாலயத்தில் வாசிக்கிற அந்தப் பகுதிகளை, எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்று பார்த்துப் பார்த்து எடை போட்டவர் நம்ம நாவலர். நம்ம குழுவுல சண்டை போடுற யாரும் அந்த நூலை அவர் அளவுக்குப் படித்திருக்க மாட்டோம்.

படிச்சதனால அவர் மாறிப் போனாரா? 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பெர்சிவலோடு வேலை செய்த காலத்திலேயே இது நடந்தது. மறு வருஷம் மிஷன் பள்ளி வேலையை விட்டுட்டு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அப்புறம் அச்சுக்கூடம், பாலபாடம், சைவ வினாவிடை. நம்ம சமய வகுப்புல பிள்ளைங்க மனப்பாடம் பண்ற அந்த வினாவிடை முறை இருக்கே, கேள்வி ஒன்று பதில் ஒன்று, அது பாதிரிமார்கள் ஞானோபதேச வகுப்புல நடத்தின முறைதான். நல்லா இருக்கே என்று பார்த்தார், எடுத்துக்கிட்டார், சைவத்துக்குப் பயன்படுத்தினார்.

1854-ல் அவர் எழுதிய 'சைவ தூஷண பரிகாரம்' இன்னும் சுவாரசியம். கோயிலில் விளக்கு, தூபம், நைவேத்தியம் எதுக்கு என்று கேலி பேசின மிஷனரிகளுக்கு, அவங்க பைபிளில் இருந்தே பதில் சொன்னார். பழைய ஏற்பாட்டைத் திறந்து பாருங்க, யூதர்களின் ஆலயத்திலும் விளக்கும் தூபமும் படையலும் அபிஷேகத் தைலமும் இருந்ததே, எங்க பூசையை மட்டும் ஏன் பழிக்கிறீங்க என்று கேட்டார். நூலைத் தெரிஞ்சவருக்குத்தான் அப்படிக் கேட்க முடியும். அந்தக் காலத்து மிஷனரிகள் நம்ம சமயத்தைப் பற்றி எழுதின கடுமையான பேச்சுகளை நான் மறைக்க வரல. அது நடந்தது. அதனாலதான் நாவலர் தேவைப்பட்டார்.

இப்ப நம்ம பிரிக்பீல்ட்ஸுக்கு வருவோம். நாவலரின் பாலபாடம் படிச்ச தலைமுறைதான் ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கிராணிகளா வேலை பார்க்க யாழ்ப்பாணத்தில் இருந்து இங்கே வந்தது. அவங்க கட்டினதுதான் ஸ்காட் சாலை கந்தசாமி கோயில். அதே யாழ்ப்பாணத்துக்காரங்க முன்நின்று தொடங்கியதுதான் 1904-ல் விவேகானந்தா ஆசிரமம். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து தோட்டத்துக்கும் தண்டவாள வேலைக்கும் வந்தவங்களோட லுத்தரன் சபையும் வந்தது. சுல்தான் அப்துல் சமாட் சாலையில் உள்ள சீயோன் லுத்தரன் ஆலயம் 1924-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கத்தோலிக்கத் தமிழர்களுக்காகப் புடு பக்கம் புனித அந்தோணியார் ஆலயம் 1910-ல் வந்தது. கிள்ளானில் தெங்கு கிளானா சாலையில், சேலைக் கடைக்கும் மாலைக் கடைக்கும் நடுவுல நிற்கிற லூர்து மாதா ஆலயம் 1928-ல் கட்டினது. தீபாவளிக்கு அந்தத் தெருவுல துணி எடுக்காத ஆள் கிள்ளான்ல உண்டா?

"அது வெள்ளைக்காரன் கொண்டு வந்த பண்டிகை" என்று குழுவுல ஓர் அண்ணன் எழுதியிருந்தார். அண்ணே, கோபப்படாதீங்க. நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறினப்போ ஒருத்தர் மடியில திருநீற்றுப் பை, பக்கத்துல இருந்தவர் மடியில ஜெபமாலை. போர்ட் சுவெட்டன்ஹாமில் ரெண்டு பேரும் சேர்ந்துதான் இறங்கினாங்க. இங்கே இருக்கிற தமிழ்ச் சபைகள் பலதுக்கும் வேர் தரங்கம்பாடியிலும் தஞ்சாவூரிலும் நெல்லையிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கு.

தரங்கம்பாடி என்றதும் ஒன்று சொல்லணும். 1706-ல் அங்கே வந்து இறங்கின சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார், திண்ணைப் பள்ளிக்கூடத்துல சின்னப் பிள்ளைகளோட உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர். ரெண்டே வருஷத்தில் கொன்றை வேந்தன், உலக நீதி, நீதி வெண்பா மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். 1713-ல் நம்ம தெய்வங்களைப் பற்றி, மும்மூர்த்தியில் இருந்து ஐயனார், காவல் தெய்வம் வரைக்கும், ஊர் மக்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு பெரிய நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெரியவர்கள் என்ன சொன்னாங்க தெரியுமா? உன்னை அனுப்பினது அந்த மதத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப இல்ல என்றார்கள். அச்சிடவே இல்ல. அவர் இறந்து சுமார் 150 வருஷம் கழிச்சு, 1867-ல்தான் அது சென்னையில் அச்சேறியது. அடுத்தவன் சாமியைப் புரிஞ்சுக்கப் போனா சொந்த ஆளுங்ககிட்ட திட்டு விழும் போல, எந்தப் பக்கமா இருந்தாலும்.

சரி, அந்தப் பண்டிகையில் என்னதான் இருக்கு? நமக்குச் சுலபமா புரியக்கூடியது குடில்தான். 1223-ல் இத்தாலியில் கிரெச்சியோ என்ற மலை ஊர்ல, அசிசி நகரத்துப் பிரான்சிஸ் என்ற துறவி, ஏழை ஜனங்களுக்குக் கதையைக் கண்ணால் காட்டணும் என்று வைக்கோல், உண்மையான மாடு, கழுதை எல்லாம் வைத்து ஆரம்பித்தார். பிறகு அது பொம்மையாச்சு. நவராத்திரிக்குக் கொலு வைக்கிற வீட்டுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு தடவை நண்பர் வீட்டுக்கு 23-ஆம் தேதி போயிருந்தேன். குடிலில் எல்லாரும் இருக்காங்க, நடுவுல குழந்தையைக் காணோம். "பொம்மை தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டுட்டேன். வீடே சிரிச்சது. 24-ஆம் தேதி நள்ளிரவுல, பிறப்புக்கான நேரத்தில்தான் குழந்தையை வைப்பாங்களாம். அதனால நீங்களும் போய்க் கேட்டுடாதீங்க. அதுக்கு முந்தின நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் திருவருகைக் காலம். காத்திருக்கிற காலம். நமக்கு மார்கழி மாதிரி.

வாசலில் தொங்குற காகித நட்சத்திரத்துக்கும் கதை உண்டு. அந்த ஞானிகளுக்கு வழி காட்டின நட்சத்திரம் அது. பல முனை வைத்து உள்ளே விளக்கு ஏற்றுகிற அந்த வடிவம், 1830-களில் ஜெர்மனியில் மொரேவியன் சபையினர் நடத்திய பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடமா செய்ய வைத்ததில் இருந்து வந்தது. கார்த்திகைக்கு வாசலில் அகல் வைக்கிற நமக்கு, இருட்டுல ஒரு விளக்கைத் தொங்கவிடுறது என்ன புதுசா?

கொடுக்கிற பழக்கத்துக்கு மூலமா சொல்ற ஆள் நிக்கோலஸ். இப்ப துருக்கியில் இருக்கிற மீரா என்ற ஊரில் நாலாம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர். வரதட்சணைக்குக் காசில்லாம மூணு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவித்த ஓர் அப்பாவின் வீட்டுக்குள், ராத்திரியில் யாருக்கும் தெரியாம பொன் முடிப்பை எறிஞ்சுட்டுப் போனார் என்பது அவர் கதை. சிவப்புச் சட்டை, வெள்ளைத் தாடி எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது. எனக்குப் பிடிச்சது அந்தத் 'தெரியாம' என்ற இடம். நம்ம ஊர்ல ஒரு குழல் விளக்கு வாங்கிக் கொடுத்தா, வெளிச்சத்தையே மறைக்கிற அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதிடுறோமே! (போன மாசம் விளக்கு வாங்கித் தந்த அன்பர் மன்னிக்கணும். உங்களைச் சொல்லல.)

விவேகானந்தரை எல்லாருக்கும் பிடிக்கும், ஆசிரமத்து வாசலில் சிலையைப் பார்த்துக் கும்பிடாம போக மாட்டோம். ராமகிருஷ்ணர் மறைந்த அதே 1886-ல், வங்காளத்தில் ஆண்ட்பூர் என்ற கிராமத்தில், நரேந்திரரும் அவர் தோழர்களும் ராத்திரி நெருப்பு மூட்டி, சுற்றி உட்கார்ந்து, துறவு பூணுவோம் என்று உறுதி எடுத்தாங்க. அன்னிக்கு நரேந்திரர் பேசினது இயேசுவின் வாழ்க்கையைப் பற்றி. பேசி முடித்த பிறகுதான் தெரிஞ்சது, அது டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி என்று. இன்று வரைக்கும் ராமகிருஷ்ண மடங்களில் அந்த மாலையில் இயேசு படத்துக்கு மலர் வைத்து, பழமும் கேக்கும் படைக்கிற வழக்கம் இருக்கு. காவி கட்டின சாமியார்கள் செய்றாங்க.

நம்ம கோலாலம்பூரில் 1966 ஏப்ரலில் உலகத்தமிழ் மாநாட்டை முதன்முதலா கூட்டினவர் யார்? மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரா இருந்த தனிநாயகம் அடிகள். கத்தோலிக்கக் குரு. அந்த மாநாட்டைப் பற்றிப் பெருமையாப் பேசும்போது அவர் என்ன சாமி கும்பிட்டார் என்று நாம கேட்கிறதில்ல.

அதனால அம்மா, போங்க. தீபாவளிக்கு உங்க மக முறுக்கு டப்பாவோட வந்தாளே, அந்த டப்பாவை வெறுமையா திருப்பித் தரக் கூடாது என்று நீங்கதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க. மார்கழி முழுக்க சைவம்தான் சாப்பிடுவேன் என்று முதல்லயே சொல்லிடுங்க, அவ சமைச்சு வைப்பா. நெற்றியில் திருநீற்றை அழிச்சுக்கிட்டுப் போகணும் என்று அவசியமே இல்ல. யாராவது உட்கார வைத்து மதம் மாறச் சொல்லிப் பேசினா, கும்பிட்டுட்டு எழுந்து வந்துடுங்க. அதுவும் நடக்குது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா மக வீட்டு வாசப்படியில அந்தப் பயத்தைக் காவலுக்கு உட்கார வைக்க வேண்டாம். பேரப்பிள்ளைக்கு ஓர் அங் பாவ், கையில கொஞ்சம் நெய் உருண்டை. போதும்.

டிசம்பர் 25 பெரும்பாலும் மார்கழி 10 அன்று வரும். விடியற்காலை நாலரைக்கு நாம கோயில் கதவைத் திறக்கும்போது, நள்ளிரவுப் பூசை முடிஞ்சு வீடு போய், தூங்காம பலகாரம் செய்றவங்க வீட்டு நட்சத்திரம் இன்னும் எரிஞ்சுக்கிட்டு இருக்கும். திருவெம்பாவை வழக்கம்போல அஞ்சு மணிக்கு. பிரசாதம் வெண்பொங்கல். அன்னிக்குப் பூ தொடுக்க வழக்கமா வர்ற அம்மா வர மாட்டாங்க. மாலை கட்டத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் வேணும், கீழே பேர் கொடுங்க.