மாரிஸ் ஹிர்ஷ்ஃபீல்ட்

மாரிஸ் ஹிர்ஷ்ஃபீல்ட் (1872–1946), ரஷ்ய ஆட்சியில் இருந்த போலந்தில் யூதக் குடும்பத்தில் பிறந்து, நியூயார்க்கில் குடியேறி, 65 வயதில் தூரிகை எடுத்த ஓவியர். கலைப்பள்ளி வாசலை மிதித்தவர் அல்லர்.

அவர் கை முதலில் பழகியது மரத்தில். பூரிம் திருநாளில் எஸ்தரின் கதை வாசிக்கும்போது, கொடியவன் ஆமானின் பெயர் வருகிற இடத்திலெல்லாம் கிலுக்கைச் சுழற்றி இரைச்சல் எழுப்புவார்கள். அப்படி ஒரு கிலுக்கைப் பன்னிரண்டு வயதில் செதுக்கினார். பிறகு ஊர்த் தொழுகைக்கூடத்துக்குப் பெரிய வழிபாட்டுப் பீடம் ஒன்று செய்து கொடுத்தார். பதினெட்டு வயதில் அமெரிக்கா வந்ததும் உளி போய்க் கத்தரி வந்தது. பெண்களுக்கான மேல்கோட்டுத் தொழிற்சாலையில் கட்டிங் வேலை. அப்புறம் சகோதரருடன் சொந்தத் தொழில். கடைசியில் வீட்டுக்குள் அணியும் பெண்கள் செருப்பு. உடல்நலம் குன்றி 1935இல் ஓய்ந்தவர், இரண்டு ஆண்டு கழித்து வரைய உட்கார்ந்தார்.

'கடற்கரைப் பெண்', 'அங்கோரா பூனை' ஆகிய முதல் இரு படங்களையும் வீட்டுச் சுவரில் தொங்கிய பழைய படங்களின் மேலேயே தீட்டினார். முடிக்க ஈராண்டு ஆயிற்று. கட்டிங் மாஸ்டர் துணிக்குத் தாள் வெட்டுவதுபோல, உருவத்தை முழு அளவில் தாளில் வரைந்துகொண்ட பிறகே கேன்வாசுக்கு மாற்றுவார். அதனால்தான் அவருடைய பெண்கள் தட்டையாக, கத்தரித்து ஒட்டியவர்கள்போல நிற்கிறார்கள். திரைச்சீலையின் மடிப்பும் கூந்தலின் இழையும் மட்டும் தையல் பிசகாமல் விழுந்திருக்கும். உடற்கூறு அவருக்குப் பொருட்டே இல்லை.

கலை வணிகர் சிட்னி ஜானிஸ் 1939இல் இவரைக் கண்டெடுத்தார். 1942இல் நியூயார்க்கில் நடந்த சர்ரியலிசக் கண்காட்சியில் இவர் படமும் இடம்பெற்றது. மறு ஆண்டு நவீனக் கலை அருங்காட்சியகம் இவருக்குத் தனிக்காட்சி வைத்தபோது விமர்சகர்கள் எள்ளி நகையாடினர். பெண்களின் பாதங்கள் ஒரே பக்கமாகத் திரும்பியிருப்பதைப் பார்த்து, 'இரண்டு இடது கால்களின் மன்னர்' என்று பட்டமும் சூட்டினர். செருப்பு விற்றே பிழைத்தவருக்கு இது கொஞ்சம் கொடுமையான பட்டம்தான். அருங்காட்சியக இயக்குநர் ஆல்ஃபிரட் பார் அவ்வாண்டே பதவி இழந்ததற்கு இந்தக் காட்சியும் ஒரு காரணம் என்பார்கள்.

ஹிர்ஷ்ஃபீல்ட் நிறுத்தவில்லை. நிர்வாணப் பெண்களைத் தீட்டிய அதே தூரிகையால் 1944இல் யூத மறைநூல் மாந்தரைக் கொண்ட 'மோசேயும் ஆரோனும்' வரைந்தார். பிள்ளைப் பிராயத்துத் தொழுகைக்கூடத்துக்கு அவர் திரும்பிப் போனது அந்த வழியாகத்தான். ஒன்பதே ஆண்டுகளில் எண்பதுக்குச் சற்றுக் குறைவான ஓவியங்களை முடித்துவிட்டு, 1946இல் புரூக்ளினில் காலமானார்.