நாளைய ஆபத்து

1878ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே, பிரான்சிஸ் பவர் கொப் என்னும் மாது லண்டன் ஏடொன்றிலே ஒரு கட்டுரை வரைந்தார். இங்கிலாந்திலே மனைவியர் கணவன்மார் கையிற் படும் சித்திரவதையே அதன் பொருள். அடிப்பவனுக்குக் கசையடி கொடுத்தாற் போதும் என்றனர் சிலர். அடிபட்டவன் ஆத்திரத்தோடு திரும்புவது எந்த வீட்டுக்கு? அங்கே காத்திருப்பவள் யார்? இவற்றை எண்ணியே, அவளைப் பிரித்துக் காக்கவேண்டும் என்றார் கொப் அம்மையார்.

அடுத்த மாதமே பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. கொடுந்தாக்குதல் நிரூபிக்கப்பட்டு, மனைவியின் வருங்காலப் பாதுகாப்புக்கு அபாயம் உண்டென நீதவான் கருதினால், அவள் கணவனோடு வாழவேண்டியதில்லையென ஆணையிடலாம். ஜீவனாம்சமும், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பொறுப்பும் அளிக்கலாம். ஆனால் அவளது கற்பிலே குறை நிரூபிக்கப்பட்டால் பின்னவை இரண்டும் இல்லை. பசிக்கும் கற்புக்கும் என்ன தொடர்போ!

நேற்று நடந்ததை மட்டுமன்றி நாளை நடக்கக்கூடியதையும் நீதிமன்றம் இவ்வாறு சிந்தித்தது. வாசலுக்கு வரும் பொலிஸார் அவ்வாறு சிந்திப்பதற்கோ ஒரு நூற்றாண்டு சென்றது. அமெரிக்காவின் டொரிங்டன் நகரிலே ஒரு பெண், பிரிந்திருந்த கணவனைப் பற்றிப் பல மாதங்களாக முறையிட்டுவந்தாள். 1983ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவள் மீண்டும் அழைத்தபோது, ஒரேயொரு பொலிஸ்காரர் ஏறத்தாழ 25 நிமிடங்களின் பின் வந்தார். அதற்குள் அவள் பலமுறை கத்தியாற் குத்தப்பட்டிருந்தாள். தாக்கியவன் கணவன் என்பதற்காகப் பாதுகாப்பைக் குறைத்தல் சட்டத்துக்கு முரண் என 1984இல் நீதிமன்றம் கூறியது.

எவளுக்கு ஆபத்து மிகுதி என்பதை அறிவது எவ்வாறு? வழிகாட்டியவர் பொலிஸ் அதிகாரியல்லர். ஜக்கலின் காம்பெல் என்னும் தாதியியல் அறிஞர். 1985இல் அவர் வகுத்த முறையிலே, பெண்ணின் கையில் முதலிற் கொடுக்கப்படுவது ஒரு நாட்காட்டி. அடிபட்ட நாட்களை அவளே குறிக்கவேண்டும். கொடுமை கூடவில்லை என முன்னர் சொன்னவர்களுட் பலர், குறித்து முடித்தபின் விடையை மாற்றினர்! கழுத்தை நெரித்தானா, ஆயுதம் வைத்திருக்கிறானா, அவனை விட்டு நீங்கினாளா என்னும் வினாக்கள் பின்னர் வரும்.

இவ்வழியிலேயே மேரிலண்ட் மாநிலப் பொலிஸார் 2005ஆம் ஆண்டளவில் பதினொரு வினாக்களைக் கையாளத் தொடங்கினர். முதல் மூன்றுள் ஒன்று, அவன் தன்னைக் கொல்லக்கூடுமென அவள் எண்ணுகிறாளா என்பது. 'இல்லை' என்பாளாயின் ஆபத்து இல்லையென்று கொள்ளலாகாது. கொலையுண்ட அல்லது மயிரிழையில் உயிர்தப்பிய பெண்களிற் பாதிப்பேர்வரை தம் ஆபத்தைச் சரியாக உணர்ந்திருக்கவில்லை எனக் காம்பெல் பின்னர் கண்டார். ஆகவேதான் ஏனைய வினாக்கள். 'ஆம்' என்றாலோ, அதிகாரி அங்கிருந்தபடியே புகலிடத்தாரைத் தொலைபேசியில் அழைப்பார். பிறகு அவளையும் பேசுமாறு கேட்பார். பேசுவதும் பேசாது விடுவதும் அவள் விருப்பம்.