கோட்டையும் கோடும்

கடலூர் போகிறவர்கள் சில்வர் பீச்சில் காற்று வாங்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதே தேவனாம்பட்டினத்தில் ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களின் மானத்தைக் காப்பாற்றிய கோட்டை இருந்தது. பெயர், புனித டேவிட் கோட்டை. பிட்காயின் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் அதன் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

சிரிக்காதீர்கள். சங்கதி இருக்கிறது.

1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. ஆங்கிலேயர்களுக்கு மிச்சம் இந்தக் கோட்டைதான். டூப்ளே விடுவாரா? அந்த டிசம்பரிலேயே படை அனுப்பினார். நவாப்பின் ஆட்கள் வந்து விரட்டினார்கள். அடுத்த வருடம் மறுபடி வந்தார்கள். ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து நின்றன. கோட்டை விழவில்லை.

சார்ட் பார்ப்பவர்கள் இதைத்தான் 'சப்போர்ட்' என்கிறார்கள். விலை இறங்கி இறங்கி ஒரு இடத்துக்கு வரும்போதெல்லாம், வாங்க ஆள் வந்து தாங்கிப் பிடிக்கிறான். 2018-ல் பிட்காயினுக்கு 6,000 டாலர் அப்படி ஓர் இடம். பிப்ரவரியில் தாங்கியது. ஜூனில் தாங்கியது. ஆகஸ்டிலும் தாங்கியது. 'இதுக்குக் கீழே போகவே போகாது' என்று பலர் நம்பிவிட்டார்கள்.

தேவனாம்பட்டினத்தையும் அப்படித்தான் நம்பினார்கள். 1758-ல் லாலி வந்தார், பெரும் படையோடு. ஆங்கிலேயக் கப்பல்களால் இந்த முறை வந்து சேர முடியவில்லை. ஜூன் 2-ல் கோட்டை சரண். பிறகு அதை இடித்துத் தள்ளினார்கள். பலமுறை தாங்கியதா என்பது பாதிக் கேள்விதான். இந்த முறை தாங்க ஆள் வருகிறானா என்பதுதான் மீதி. அதைச் சொல்வது வால்யூம். 2018 நவம்பரில் விற்கிறவர்கள் திரண்டு வந்தார்கள். வால்யூம் எகிறியது, 6,000 உடைந்தது. டிசம்பரில் விலை 3,200 பக்கம் கிடந்தது.

ரெசிஸ்டன்ஸ் பார்க்க சிதம்பரம் போக வேண்டும். 1781 ஜூனில் கோயில் மதிலுக்குள் ஹைதர் அலியின் ஆட்கள். ஐர் கூட் மோதிப் பார்த்தார். உள்ளே எதிர்பார்த்ததைவிட ஆள் அதிகம். அடி வாங்கித் திரும்பினார். பலம் பத்தாமல் மோதினால் மதில் வழி விடாது. அதே கூட் ஜூலை 1-ல் பரங்கிப்பேட்டைப் போரில் ஜெயித்தார் என்பது வேறு கதை.

இன்னொன்று. 1783-ல் கடலூர் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. ஒரு காலத்தில் தங்களைக் காத்த ஊரின் மதிலிலேயே ஆங்கிலேயர்கள் முட்டி நின்றார்கள்! உடைந்த சப்போர்ட்டே பிறகு ரெசிஸ்டன்ஸ் ஆகும் என்பார்கள். 30,000 டாலர் 2021-ல் பிட்காயினைத் தாங்கியது. 2022-ல் உடைந்தது. 2023 ஏப்ரலிலும் ஜூலையிலும் அதே 30,000-ஐ ஒட்டித்தான் விலை முட்டித் திரும்பியது. அக்டோபரில்தான் வழி விட்டது.

அப்படியானால் வால்யூமை நம்பிப் பணத்தைப் போடலாமா? அவசரப்படாதீர்கள். 1748-ல் மேஜர் லாரன்ஸ் ஒரு வேலை செய்தார். பகலில் எல்லோரும் பார்க்க, கடலூரிலிருந்த பீரங்கிகளையும் வீரர்களையும் கோட்டைக்குக் கொண்டுபோனார். இருட்டியதும் சத்தமில்லாமல் திரும்பக் கொண்டுவந்தார். ஊர் காலி என்று நம்பி வந்த பிரெஞ்சுக்காரர்களுக்குச் செம அடி. கிரிப்டோ சந்தையிலும் இந்த வித்தை உண்டு. தானே வாங்கி, தானே விற்று, வியாபாரம் ஓஹோவென்று நடப்பதாகக் காட்டுவார்கள். பிட்காயினில் காட்டப்பட்ட வால்யூமில் 95 சதவிகிதம் பொய் என்று 2019-ல் பிட்வைஸ் நிறுவனம் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்திடமே சொன்னது.

கடைசியாக, வருமான வரி. 2022 ஏப்ரல் முதல் நம் நாட்டில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவிகித வரி. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. ஒரு களத்தில் தோற்றாலும், ஜெயித்த களத்துக்குக் கப்பம் முழுசாகக் கட்டியாக வேண்டும்.

ஆகவே யாராவது சார்ட்டைக் காட்டி, 'கோடு உடைஞ்சிடுச்சு, சீக்கிரம் வாங்கு' என்றால் ஒன்று மட்டும் கேளுங்கள்: மதிலுக்குப் பின்னால் நிஜமாகவே எத்தனை பேர்? பதில் வராவிட்டால், பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.