கேளிக்கைப் பூங்காவும் குளக்கரையும்

கேளிக்கைப் பூங்கா என்றதும் கொங்கு நாட்டுப் பிள்ளைகள் மேட்டுப்பாளையத்தை அடுத்த பிளாக் தண்டரை நினைப்பர். இவ்வகைப் பூங்காக்களுக்குப் பேர்பெற்ற முன்மாதிரி டிஸ்னிலாந்து ஆகும். 1955ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 17ஆம் நாள், கலிபோர்னியாவின் அனஹைம் நகரில், ஆரஞ்சுத் தோப்புகள் இருந்த ஏறத்தாழ 160 ஏக்கர் நிலத்தில் வால்ட் டிஸ்னி அதனைத் திறந்தார். எல்லைப்புற உலகம், கற்பனை உலகம், நாளைய உலகம் எனப் பல உலகங்களாக அதனை வகுத்தார். உணவுச் சாலைகளும் அவ்வவ் உலகின் கோலம் பூண்டன. நுழைவுக்கு ஒரு சீட்டு, விளையாட்டுகளுக்கு வேறு சீட்டுகள் என்னும் முறை 1982 வரை நிலவிற்று.

இனி நம் உக்கடத்துக்கு வருவோம். இங்குள்ள பெரியகுளம் கேளிக்கைக்காக வெட்டப்பட்டதன்று. நொய்யல் நீரைத் தேக்க முன்னோர் அமைத்த குளத்தொடரில் ஒன்று. செல்வசிந்தாமணிக் குளத்தின் மிகைநீர் இதனை வந்தடையும். இதன் மிகைநீர் வாலாங்குளத்துக்குச் செல்லும். 2013ஆம் ஆண்டு வறட்சியில் இது வறண்டபோது ஊர் மக்களே திரண்டு தூர் வாரினர். சீட்டு வாங்கிக்கொண்டா அவர்கள் வந்தனர்? குளம் தமது என்னும் உரிமையே அவர்களை அழைத்து வந்தது.

2016ஆம் ஆண்டு சீர்மிகு நகரத் திட்டத்துக்குக் கோவை தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் பயனாகக் கரையில் நடைபாதையும், குளத்துக்கு மேலே கம்பியில் தொங்கிச் செல்லும் விளையாட்டும் அமைந்தன. மகிழத்தக்கதே. ஆயினும், தோப்பு மறைந்தும் அனஹைமில் கேளிக்கை தழைத்தது. உக்கடத்திலோ நீர் மறைந்தால் கரையின் கேளிக்கையும் மறையும். ஆதலின் அங்குச் செல்லும் இளைஞர்கள் விளையாடி மகிழ்வதோடு, குளத்துக்கு நீர் கொணரும் வாய்க்காலையும் ஒருமுறை நடந்து சென்று காண்பார்களாக!