விளக்கணைந்த பின்னும் விசிறி ஏன் சுழல்கிறது?

பள்ளியிலோ கல்லூரியிலோ டிஜிட்டல் படவீழ்த்தியைப் பார்த்திருப்பீர்கள். 'புரொஜெக்டர்' என்றே பலரும் அதை அழைக்கிறார்கள். பாடம் முடிந்ததும் ஆசிரியர் பொத்தானை அழுத்துகிறார், திரை இருண்டுவிடுகிறது. ஆனால் கருவிக்குள் விசிறி மட்டும் ஓரிரு நிமிடம் இரைந்துகொண்டே இருக்கிறது. 'விசிறி நிற்கும்வரை மின் இணைப்பைத் துண்டிக்காதீர்கள்' என்று கையேடு எச்சரிக்கிறது. மணி அடித்துவிட்ட அவசரத்தில் செருகியைப் பிடுங்குகிறவர்கள் உண்டு. அந்த ஒரு நிமிடத்தில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று நீங்களும் நினைத்திருக்கலாம்.

இந்த விதிக்குப் பின்னால் ஏறத்தாழ முந்நூற்று அறுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் தீயும் உண்டு, உயிர்ச்சேதமும் உண்டு.

முதலில் ஒரு சிறு கணக்கு. கருவிக்குள் இருக்கும் படம் 2 சென்டிமீட்டர் அகலம் என்று கொள்ளுங்கள். திரையில் அது 2 மீட்டர் அகலமாக விரிகிறது. நீளத்தில் 100 மடங்கு, அகலத்திலும் 100 மடங்கு; ஆகவே பரப்பில் 10,000 மடங்கு. சிறு படத்தின் மீது விழுந்த ஒளி அத்தனையும் பத்தாயிரம் பங்காகப் பரவிப்போகிறது. திரையில் ஓரளவு வெளிச்சம் வேண்டுமானால், படத்தின் மீது அதைப்போல் பத்தாயிரம் மடங்கு செறிவான ஒளி விழவேண்டும். அப்படியானால் பெரிய விளக்காக வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். முடியாது. பெரிய விளக்கின் பல பக்கங்களிலிருந்து வரும் ஒளியை எந்த வில்லையாலும் ஒரு சிறு துளைக்குள் முழுமையாகப் பிடித்து அடைக்க இயலாது. விளக்கு புள்ளியைப் போல் சிறியதாகவும் இருக்கவேண்டும், கண்ணைப் பறிப்பதாகவும் இருக்கவேண்டும். சிறிய இடத்தில் அத்தனை ஒளி என்றால் அத்தனை வெப்பமும் அங்கேதான். படவீழ்த்தி செய்தவர்கள் எல்லோரும் மல்லாடியது இந்த ஒரு சிக்கலோடுதான்.

மாய விளக்கு என்று பெயர்பெற்ற முதல் படவீழ்த்தியை 1659-இல் உருவாக்கியவர் டச்சு அறிவியலறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். சனிக்கோளின் வளையத்தை விளக்கிக் கூறியவரும், ஊசல் கடிகாரம் செய்தவரும் இவரே. கண்ணாடியில் தீட்டிய எலும்புக்கூடு, தன் தலையைத் தானே கழற்றுவது போன்ற படங்களை அவர் குறித்துவைத்திருக்கிறார். பிற்காலத்தில் இந்த விளையாட்டுக் கருவியால் தம் பெயர் அடிபடுமோ என்று அவருக்கே கூச்சம். 1662-இல் அவருடைய தந்தை பிரெஞ்சு அரசவைக்குக் காட்ட ஒரு மாய விளக்கை அனுப்பச் சொன்னபோது, அது வேலை செய்யாதபடி ஏதாவது செய்துவிடும்படி தம்பிக்கு எழுதினாராம்! புகழ்பெற்ற தந்தைக்கு மறுப்புச் சொல்ல முடியாத பிள்ளையின் தந்திரம்.

மாய விளக்கின் பழைய படங்களைப் பார்த்தால் தகரப் பெட்டியின் தலையில் ஒரு புகைபோக்கி நீண்டிருக்கும். உள்ளே எண்ணெய் விளக்கு. அதன் புகையும் சூடும் மேலே போவதற்கு வழி. இன்றைய விசிறிக்கு முன்னோடி அந்தப் புகைபோக்கிதான். எண்ணெய் விளக்கின் ஒளி சிறிய அறைக்குப் போதும், மண்டபத்திற்குப் போதாது.

1820-களில் சுண்ணாம்பு விளக்கு வந்தது. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கலந்து எரித்த தழலை ஒரு சுண்ணாம்புக் கட்டியின் மேல் பாய்ச்சினால், கட்டி வெண்மையாக ஒளிரும். தாமஸ் டிரம்மண்ட் என்னும் பொறியாளர் அயர்லாந்தின் நில அளவையில் தொலைதூர மலையுச்சிகளை அடையாளம் காட்ட இதைப் பயன்படுத்தினார். பின்னர் இது நாடக மேடைக்கும் படவீழ்த்திக்கும் வந்தது. இரு வளிகளையும் இரண்டு ரப்பர்த் துணிப் பைகளில் அடைத்து, பலகைகளுக்கு இடையே வைத்து, மேலே எடைக்கற்களை ஏற்றி அழுத்துவார்கள். ஒரு பையின் அழுத்தம் குறைந்து, மற்றதிலிருந்த வளி குழாய் வழியே அதற்குள் புகுந்துவிட்டால் வெடிதான்.

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கி அசையும் படங்களைக் காட்டினார்கள். அவர்கள் கையாண்ட ஓர் ஏற்பாடு மிகவும் அழகானது. விளக்கின் ஒளியைப் படச்சுருளின் மீது குவிப்பதற்குக் கண்ணாடி வில்லைக்குப் பதிலாகத் தண்ணீர் நிரம்பிய உருண்டைக் குடுவையை வைத்தார்கள். நீர் ஒளியைக் குவித்தது; ஒளியோடு வந்த வெப்பத்தைத் தான் உறிஞ்சிக்கொண்டது. குடுவை உடைந்துவிட்டால் நீர் கொட்டிப்போகும்; உடனே ஒளி குவிவதும் நின்றுவிடும், படச்சுருள் தப்பிக்கும். தவறு நேர்ந்தால் தானாகவே ஆபத்து நீங்கும்படி செய்வது எப்படி என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு சொல்வது கடினம். மின்சாரம் போனால் விசிறி நின்றுவிடும்; குடுவைத் தண்ணீருக்கு மின்சாரம் தேவையில்லை.

அத்தனை கவனம் எதற்கு? அக்காலப் படச்சுருள் நைட்ரோசெல்லுலோஸால் ஆனது. வேதியியல் முறையில் இது வெடிபஞ்சின் நெருங்கிய உறவு. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதன் மூலக்கூறுக்குள்ளேயே இருப்பதால், நன்றாகப் பற்றிக்கொண்ட சுருளைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் எரிந்துகொண்டிருக்கும். இப்படிப்பட்ட பொருளைச் சுடும் விளக்குக்கு முன்னால் ஓடவிட்டார்கள்.

1897 மே 4 அன்று பாரிஸில் அறக்கொடைக்காக ஒரு சந்தை நடந்தது. மரத்தாலும் துணியாலும் அமைத்த அரங்கம். அதில் அசையும் படக் காட்சியும் ஒன்று. அங்கிருந்த விளக்கு ஈதர் ஆவியையும் ஆக்சிஜனையும் கொண்டு எரிவது. ஈதர் தீர்ந்ததும் மீண்டும் நிரப்பினார்கள். ஆவி கலையுமுன் உதவியாளர் ஒருவர் தீக்குச்சி கிழித்தார். சில நிமிடங்களில் அரங்கம் முழுதும் எரிந்தது; இறந்தவர்கள் சுமார் 126 பேர். ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தின் தங்கையும் அவர்களுள் ஒருவர். இங்கே எமன் படச்சுருள் அன்று, விளக்கு என்பதைக் கவனியுங்கள்.

சுருளின் முறை பின்னால் வந்தது. 1929 டிசம்பர் 31 அன்று ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் சிறுவர்களுக்கான காட்சி. இயந்திர அறையில் டப்பாவில் இருந்த சுருள் ஒன்று புகையத் தொடங்கியது. புகை அரங்கினுள் பரவ, குழந்தைகள் வெளிவாசலை நோக்கி ஓடி ஒருவர்மேல் ஒருவர் விழுந்து நெரிந்தார்கள். 71 குழந்தைகள் மாண்டனர்.

பிரிட்டனில் 1909-ஆம் ஆண்டுச் சட்டம் படம் காட்டும் இயந்திரத்தைத் தீப்பிடிக்காத தனி அறையில் வைக்கவேண்டும் என்பதைக் கட்டாயமாக்கியது. இந்தியாவிலும் 1918-இல் இயற்றிய சட்டம் உரிமம் பெற்ற இடத்தில்தான் படம் காட்டலாம் என்றது. அதற்கு முன்பே, 1905-இல், திருச்சியில் இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டினார். கூடாரத் துணிக்குள் எரியும் விளக்கும் நைட்ரேட் சுருளும்! நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. நைட்ரேட் சுருளுக்கு முடிவு வந்தது 1950-களின் தொடக்கத்தில்தான். பின் வந்த அசிட்டேட் சுருள் தீப்பற்றிப் பரவாது. விளக்கின் முன் சிக்கி நின்றால் பொசுங்கும், அவ்வளவே. டூரிங் டாக்கீஸில் படம் பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள். கதாநாயகன் முகத்தில் பழுப்பாக ஒரு கொப்புளம் தோன்றித் திரையெங்கும் பரவியதையும், கொட்டகையில் எழுந்த சீட்டியொலியையும் சொல்வார்கள்.

அந்தக் கொட்டகைகளில் எரிந்தது கரி மின்வில் விளக்கு. இரண்டு கரிக்கோல்களின் முனைகளுக்கு இடையே மின்சாரம் பாய்ந்து ஒளிரும். கோல்களைக் கிடையாக வைத்தால் சூடேறிய வளி மேலெழும்பி ஒளியை வில்போல் வளைக்கும். பெயருக்குக் காரணம் அதுதான். கரி எரிய எரிய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டும். 1950-களில் வந்த செனான் விளக்கு அந்த வேலையை ஒழித்தது. ஆனால் அதன் குமிழ் குளிர்ந்திருக்கும்போதே உள்ளே மிகுந்த அழுத்தம் இருக்கும். அதை மாற்றுகிறவர் முகக்கவசமும் தடித்த கையுறையும் அணிந்தே தொடுகிறார்.

இனி டிஜிட்டல் படவீழ்த்திக்கு வருவோம். அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் 1987-இல் நுண்ணாடிச் சில்லை உருவாக்கினார். சில்லின் மேல் இலட்சக்கணக்கான சிறு ஆடிகள். ஒவ்வொன்றும் தலைமுடியின் பருமனைவிடச் சிறியது. ஆடி ஒரு பக்கம் சாய்ந்தால் ஒளி திரைக்குப் போகும். மறுபக்கம் சாய்ந்தால் கருவிக்குள்ளேயே ஓர் உறிஞ்சுதட்டில் விழும். இன்னொரு வகையில் ஆடிகளுக்குப் பதிலாக நீர்மப் படிகத் தகடுகள் ஒளியை விடுகின்றன அல்லது தடுக்கின்றன. இரண்டிலும் படச்சுருள் இல்லை. ஆகவே பொசுங்குவதற்கு ஒன்றுமில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

திரையில் கரிய படம் தெரியும்போது விளக்கு ஓய்வெடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்தப் பழைய வகை விளக்கு முழு வலிமையோடுதான் எரிந்துகொண்டிருக்கும். திரைக்குப் போகாத ஒளி முழுதும் பெட்டிக்குள்ளேயே வெப்பமாகும். சிலர் படத்தை மறைக்க வில்லைக்கு முன்னால் புத்தகத்தை நிறுத்துகிறார்கள். அது லூமியேரின் குடுவையில்லாமல் சுருளை நிறுத்திவைப்பதற்குச் சமம். புத்தகம் கருகும், இல்லையேல் வில்லை கெடும்.

விளக்கின் கதைதான் இங்கே முக்கியம். 1995-இல் பிலிப்ஸ் நிறுவனம் மீஉயர் அழுத்தப் பாதரச விளக்கை வெளியிட்டது. அதில் மின்வில்லின் நீளம் சுமார் 1 மில்லிமீட்டர்! படவீழ்த்தி செய்வோர் நெடுங்காலம் ஏங்கிய புள்ளி விளக்கு கைக்குக் கிடைத்தது. மேசைமேல் வைக்கும் சிறு கருவிகள் பெருகியதற்கு இது பெரும் காரணம். ஆனால் எரியும்போது உள்ளிருக்கும் பாதரச ஆவியின் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் 200 மடங்கு. கடலில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் அது. குவார்ட்ஸ் குமிழின் சுவர் ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. இன்னும் சூடேறினால் குவார்ட்ஸ் வெண்மையாகிப் பூத்து வலுவிழக்கும். மிகக் குளிர்ந்தாலோ பாதரசம் நீர்மமாகி ஒளி குன்றும். இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே விளக்கை நிறுத்துவதுதான் விசிறியின் வேலை.

இப்போது கேள்விக்கு விடை சொல்லலாம். விளக்கை அணைத்தாலும் குவார்ட்ஸில் தேங்கிய வெப்பம் உடனே போவதில்லை. விசிறி நின்றால் அது விளக்கின் முனைகளுக்கும் அருகிலுள்ள பாகங்களுக்கும் பாய்கிறது. மேலும், சூடாக இருக்கும்போது ஆவியின் அழுத்தம் மிகுதியாதலால் மின்பொறி அதனூடே பாய இயலாது. விளக்கு மீண்டும் எரியாது. பொறுமையிழந்து திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்தினால் மின்முனைகள் தேயும். மின்தடை அடிக்கடி நேரும் நம் ஊர்களில் இத்தகைய கருவிக்கு யு.பி.எஸ். வைப்பது ஆடம்பரம் அன்று. படம் தொடர்வதற்காக அல்ல, விசிறி சுழல்வதற்காக.

மற்ற விதிகளும் இப்படியே. கருவியைப் புத்தகங்களின்மேல் ஏற்றி அதிகமாகச் சாய்க்காதீர்கள்: படம் மேலே விரிந்து சரிவகமாகும் என்பது மட்டுமல்ல, கரி விளக்கில் கண்ட அதே வளைவு இங்கும் இடம் மாறி, குமிழின் ஒரு பக்கத்தை அதிகமாகச் சுடும். புது விளக்கின் குமிழை விரலால் தொடாதீர்கள்: வியர்வையின் உப்பு பட்ட இடத்தில் குவார்ட்ஸ் பூக்கும். காற்று வடிகட்டியைத் துடையுங்கள்: நம் வகுப்பறைகளில் கரும்பலகைச் சுண்ணத்தூளே அதை அடைத்துவிடும். சுவரை ஒட்டி வைக்காதீர்கள். தூசி நீக்க, தீப்பற்றும் வளி அடங்கிய தெளிப்பானைச் சூடான கருவிக்குள் அடிக்காதீர்கள். 1897-இல் பாரிஸில் நடந்ததை இப்போதுதான் படித்தீர்கள். என்றேனும் பட்டாசு போன்ற ஒலியுடன் விளக்கு வெடித்தால் இணைப்பைத் துண்டித்து, சன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறவேண்டும். அது பாதரச ஆவி.

பாதரச விளக்கின் இடத்தை லேசர் பிடித்துவருகிறது. நீல ஒளி தரும் லேசர் டயோடுகள் ஒரு மஞ்சள் ஒளிர்பொருளின்மீது பாய்ந்து வேண்டிய நிறங்களைத் தருகின்றன. 20,000 மணி நேரம் போல உழைக்கும். அணைத்தவுடன் மீண்டும் எரியும். பாதரசமும் வெடிப்பும் இல்லை. விசிறியும் வடிகட்டியும் மட்டும் போகவில்லை, ஏனெனில் சூடேறிய டயோடின் ஆயுள் குறையும்.

ஆபத்து இப்போது கண்ணுக்கு இடம் மாறியிருக்கிறது. படவீழ்த்தியின் வில்லையை நேரே பார்த்தால், நம் கண்ணின் வில்லை அந்தச் செறிந்த ஒளியை விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவித்துவிடுகிறது. திரைக்கு முன் நின்று வகுப்பை நோக்கிப் பேசுகிற ஆசிரியரும், பலகையில் எழுத அழைக்கப்பட்டுத் திரும்பிப் பார்க்கிற சிறுவனும் நிற்பது அதே ஒளிப்பாதையில்தான். கருவியைத் திரைக்கு மேலே, சுவரிலேயே பொருத்தி மேலிருந்து கீழாக ஒளி விழச்செய்யும் குறுந்தொலைவுப் படவீழ்த்திகள் பள்ளிகளுக்கு ஏற்றவை. அவற்றின் முன் நின்று எழுதுகிறவனுடைய நிழல்கூடத் திரையில் பெரிதாக விழுவதில்லை.