முள்ளெலும்புத் தேய்வு

முள்ளெலும்புத் தேய்வு அல்லது ஸ்பாண்டிலோசிஸ் என்பது வயது ஏற ஏற முதுகெலும்பின் இடைத்தட்டுகளிலும் மூட்டுகளிலும் ஏற்படும் சிதைவு மாற்றங்களைக் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். கழுத்துப் பகுதியிலும் இடுப்புப் பகுதியிலும் இது மிகுதியாகக் காணப்படுகிறது.

பெயர் விளக்கம்

கிரேக்க மொழியில் 'ஸ்பாண்டிலோஸ்' என்பது முள்ளெலும்பைக் குறிக்கும். 'ஓசிஸ்' என்னும் பின்னொட்டு ஒரு நிலையையும், 'ஐட்டிஸ்' என்னும் பின்னொட்டு அழற்சியையும் குறிக்கும். எனவே 'ஸ்பாண்டிலைட்டிஸ்' என்பது முள்ளெலும்பு அழற்சி ஆகும். இந்தியாவில் பேச்சு வழக்கில் கழுத்துத் தேய்வையும் ஸ்பாண்டிலைட்டிஸ் என்றே பலர் கூறுவர். ஆயினும் இவை வெவ்வேறு நோய்கள். அழற்சி வகையைச் சேர்ந்த அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே தொடங்கும். அதன் வலியும் விறைப்பும் ஓய்வில் மிகுந்து, உடற்பயிற்சியால் குறையும். அதற்கான மருந்துகளும் வேறு.

தோன்றும் விதம்

முதுகெலும்பில் 23 இடைத்தட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றும் கூழ் போன்ற மையப் பகுதியையும் அதைச் சூழ்ந்த நார் வளையத்தையும் கொண்டது. வயதாகும்போது மையப் பகுதி நீரை இழப்பதால் தட்டின் உயரம் குறைகிறது. சுமை அருகிலுள்ள மூட்டுகளின் மீது கூடுதலாக விழுகிறது. எலும்பின் விளிம்புகளில் புதிய எலும்பு முனைகள் வளர்கின்றன. தேய்வு என்று பெயர் இருந்தாலும், நரம்பு வெளிவரும் துளையைக் குறுக்குவதில் இவ்வளர்ச்சிக்கும் பங்கு உண்டு. கழுத்தில் 5, 6, 7 ஆம் முள்ளெலும்புகளுக்கு இடையே இம்மாற்றங்கள் அதிகம்.

அறிகுறிகள்

எக்ஸ்-கதிர்ப் படத்தில் தேய்வு தெரியும் முதியோர் பலருக்கு எந்த வலியும் இருப்பதில்லை. ஆகவே படத்தை மட்டும் கொண்டு வலியின் காரணத்தை முடிவு செய்ய இயலாது. சிலருக்குக் கழுத்து வலியும் விறைப்பும் ஏற்படும். நரம்பு வேர் அழுத்தப்பட்டால் வலியும் மரத்துப்போதலும் கை வரை பரவும்.

தண்டுவடம் அழுத்தப்படுவது இவற்றினும் கடுமையானது. சட்டைப் பொத்தான் இடுதல், எழுதுதல் போன்ற நுண்செயல்களில் தடுமாற்றம், நடையில் தள்ளாட்டம், சிறுநீர்க் கட்டுப்பாடு இழத்தல் ஆகியன இதன் அறிகுறிகள். கழுத்தில் வலியே இல்லாமலும் இது தோன்றக்கூடும் என்பதால் முதுமையின் தளர்ச்சி எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. இவ்வறிகுறிகள் தோன்றினால் தாமதமின்றி மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

மருத்துவம்

தேய்ந்த தட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இல்லை. எனினும் பெரும்பாலோருக்கு உடற்பயிற்சி, இயன்முறை மருத்துவம், வலி நீக்கிகள் ஆகியவற்றால் வலி கட்டுப்படுகிறது. தண்டுவட அழுத்தம் ஐயுறப்படும்போது காந்த ஒத்ததிர்வுப் படம் எடுக்கப்படும். பாதிப்பு கடுமையாகவோ வளர்ந்துகொண்டோ இருந்தால் அறுவை மருத்துவம் பரிந்துரைக்கப்படும். அதன் முதன்மை நோக்கம் மேலும் பாதிப்பு நேராமல் தடுப்பதாகும்; நெடுநாள் அழுத்தத்தால் இழந்த செயல்திறன் முழுமையாகத் திரும்பாமல் போகலாம்.